துடைத்த எண்

கை முந்திக்கொண்டது. நடந்தது அவ்வளவுதான். பிறகு யார் எப்படிக் குடைந்து கேட்டும் வயரம்மாவால் அதற்கு மேல் ஒரு காரணம் சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், துணி அலமாரிக்கும் லிஃப்டுக்கும் நடுவே ஓர் அறை. ஒருவர் உள்ளே நின்றால் கதவு சாத்தாது. சுவரில் ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் நெட்வொர்க் சுவிட்ச், அதிலிருந்து குடல் சரிந்ததுபோல நீலக் கேபிள்கள். மாடியில் இருக்கும் ஒவ்வொரு மானிட்டரின் கேபிளும் கணினியின் கேபிளும் அந்த சுவிட்சின் ஏதாவதொரு துளையில், போர்ட்டில்தான் வந்து முடிகிறது. அந்தக் கேபிள்களை வைத்துப் பிழைக்கிறவள் வயரம்மா. பெயர் வார்டுக்காரர்கள் வைத்தது. முதலில் கேலியாக இருந்து பிறகு பழகிவிட்டது.

முந்தைய நாள் மதியம் ஏழாம் அறையில் ஒரு தையல்காரர் இறந்துபோனார். இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது. படுக்கையருகே இருந்த மானிட்டர் அதைக் கண்டுகொண்டு அலாரம் அனுப்பியிருக்கிறது. அதன் நினைவில் அது பதிவாகியிருந்தது. நோயாளி தூங்கட்டும் என்று அறைக்குள் சத்தத்தைக் குறைத்துக் கதவைச் சாத்தி வைப்பது அந்த மாடியின் வழக்கம். அலாரம் கேபிள் வழியே நர்ஸ் ஸ்டேஷன் கணினிக்குப் போகும். அங்கேதான் அலறும். அன்று அலறியதா என்பதுதான் கேள்வி. ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்த நர்ஸ் அலறவே இல்லை என்றாள். தலைமை நர்ஸ், உண்ட மயக்கம் என்றார்.

அந்த நர்ஸ் வயரம்மாவின் நாத்தனார்.

ஸ்டேஷன் கணினியைப் பார்த்து முடிவு கட்டவும் வழியில்லை. பட்டனை அழுத்தி அமர்த்திவிட்டால் அலாரம் திரையை விட்டுப் போய்விடும். அமர்த்திய அலாரமும் வராத அலாரமும் மறுநாள் பார்க்கிறவனுக்கு ஒன்றுதான்.

நெட்வொர்க்கைச் சோதிக்க மேலாளர் வயரம்மாவை அனுப்பவில்லை. சொந்தக்காரி போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று, அவளோடு வேலை செய்யும் பிங்கை அனுப்பினார். எதைக் கொடுத்தாலும், போய்த் திரும்புகிறதா என்று பார்க்கும் பிங் என்ற சின்னச் சோதனைச் செய்தி நான்கை அனுப்பிப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். போன சுருக்கில் திரும்பி வந்தார்.

"நாலு போச்சு, நாலும் வந்துச்சு தாயே. கல்லு மாதிரி இருக்கு. நம்ம தலையில எதுவும் விழாது."

நல்ல சேதி சொல்லும் குரலில்தான் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது. டீயை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார்.

நெட்வொர்க் நன்றாக இருந்தது என்றால், நாத்தனார் தூங்கினாள் என்று அர்த்தம். வேறு அர்த்தம் இல்லை. நாளை மறுநாள் விசாரணை. அதில் அப்படி முடிவானால் வேலை போகும், நர்ஸ் பதிவும் போகும்.

காலிச் சாலையில் சைக்கிள் விட்டுப் பார்த்துவிட்டு இங்கே நெரிசலே இல்லை என்பதுபோலத்தான் அந்த நான்கு பிங். அது வயரம்மாவுக்குத் தெரியும். சாயங்காலம் வேலை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவள் மூன்றாம் மாடிக்குப் போனாள். யாரும் போகச் சொல்லவில்லை. லேப்டாப்பை சுவிட்சில் செருகி, ஸ்டேஷன் கணினி இருக்கும் போர்ட்டின் நிலவரத்தைக் கேட்டாள்.

கோளாறு முகத்தில் எழுதி ஒட்டியதுபோல நின்றது. ஸ்டேஷன் கணினியைப் போன மாதம்தான் மாற்றினார்கள். வைக்க வந்த கம்பெனி ஆள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம் என்று அதற்குக் கையால் நிர்ணயித்துவிட்டுப் போயிருக்கிறார். சுவிட்சிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. அது கேட்டுப் பார்த்தது, பதில் வரவில்லை, ஒருவர் பேசினால் மற்றவர் சும்மா இருக்க வேண்டும் என்று தானாகவே முடிவு செய்துகொண்டது. போக்குவரத்து குறைவாக இருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. பிங் போகும், பிங் வரும். ஆனால் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்டேஷன் கணினி அன்றைய பதிவுகளை மொத்தமாக சர்வருக்கு அனுப்பும். அது நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கும்போது, சுவிட்ச் தன் பங்குக்கு ஏதாவது சொல்ல வாயெடுத்தால் மோதல். மோதினால் சுவிட்ச் தான் அனுப்ப வந்த செய்தித் துண்டை, பாக்கெட்டை, கீழே போட்டுவிடும். பதிவுகள் தொலைந்தால் திரும்ப அனுப்பப்படும். அந்த மானிட்டர்களின் அலாரம் அப்படியில்லை. சொன்னேன், அவ்வளவுதான் என்று இருந்துவிடும்.

அப்படிக் கீழே விழுந்த பாக்கெட்டுகளை அந்த போர்ட் எண்ணி வைத்திருந்தது. பெரிய எண்.

இந்த வேலையில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. சுவிட்ச் காட்டும் எண்ணுக்குத் தேதி கிடையாது. நேற்று விழுந்ததும் போன மாதம் விழுந்ததும் ஒரே குவியல். அதனால் முதலில் எண்ணைத் துடைத்துப் பூஜ்யமாக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். துடைக்காமல் பார்க்கிறவனை வேலை தெரியாதவன் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வயரம்மா அப்படித்தான் செய்துவருகிறாள். குளித்து முடித்துக் குழாயை மூடுவதைப்போல.

எண்ணைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கை துடைத்துவிட்டது.

பூஜ்யம்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மதியம் எப்போதோ கடந்துவிட்டது, எண் ஏறவில்லை. கைபேசியில் ஒரு படம் எடுத்திருந்தால் போதும். கைபேசி இடுப்பில்தான் இருந்தது. மாடி சுவிட்சுகளின் கணக்கை வேறு எங்காவது சேமிக்கலாம் என்று அவள்தான் போன வருஷம் கேட்டிருந்தாள். முதன்மை சுவிட்சுகளுக்கு மட்டும் போதும் என்றுவிட்டார்கள். போன எண் போனதுதான்.

சுவிட்சின் குறிப்பேட்டில் புதிதாக ஒரே ஒரு வரி ஏறியிருந்தது. இந்த போர்ட்டின் எண் துடைக்கப்பட்டது, துடைத்தவர் இன்னார். இன்னார் என்ற இடத்தில் அவளுடைய அடையாளம் இருந்தது.

வீட்டில் இருவர்தான். வயரம்மாவின் கணவன் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி கடலில் இருப்பான். அண்ணன் போகும்போதெல்லாம், அண்ணியை நான் பார்த்துக்கறேன் என்று நாத்தனார் சொல்வாள். அவன், உன்னை யாரு பாத்துக்கறது என்பான். அன்று போனில் அவனிடம் இருவருமே எதுவும் சொல்லவில்லை.

நாத்தனார் சமையலறையில் அடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்கு வரவேண்டாம் என்று சொன்னதிலிருந்து எதையாவது தேய்த்தபடிதான் இருந்தாள். வயரம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். போர்ட்டைப் பற்றி, எண்ணைப் பற்றி, துடைத்ததைப் பற்றி. எதையும் மென்று விழுங்கவில்லை.

நாத்தனார் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் தேய்ப்பதை மட்டும் நிறுத்தினாள்.

"அப்போ நான் தூங்கல."

"தூங்கல."

"இல்ல அண்ணி, எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. ஸ்டேஷன்ல உக்காந்து மருந்துச் சீட்டு சரி பாத்துட்டு இருந்தேன். அது ஞாபகம் இருக்கு. அப்புறம் கதவத் திறந்து பாத்தது ஞாபகம் இருக்கு. நடுவுல என்னன்னு கேட்டா, அங்க ஒண்ணுமே இல்ல. சும்மா உக்காந்திருந்ததுக்கு யாருக்குத்தான் ஞாபகம் இருக்கும்?"

வயரம்மா தன் யோசனையைச் சொன்னாள். கோளாறு அப்படியே இருக்கிறது. எதையும் தொடாமல் விட்டால் விசாரணை அன்று மதியம், விசாரிக்க வரும் டாக்டரைக் கூட்டிப்போய்க் காட்டலாம். அவர் கண்ணெதிரே பதிவு போகத் தொடங்கும், எண் ஏறும், சோதனைக்கு ஓர் அலாரம் அனுப்பினால் வராமல் போகும். அதற்கு மேல் யாரும் வாய் திறக்க முடியாது.

நாத்தனார் துணியைப் பிழிந்து காயப்போட்டாள். திரும்பாமலே கேட்டாள்.

"ஏழுல இப்ப யாரு?"

"தெரியல."

"காலியா வைக்க மாட்டாங்க. நடுவுல ஒரு மதியம் இருக்கே அண்ணி."

வயரம்மா தட்டுகளை எடுத்து வைத்தாள். சாப்பிட்டார்கள். சாப்பிடும்போது பக்கத்து வீட்டில் ஏதோ மெஷின் கீங் என்று கத்தியது. நாத்தனார் பாதி எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வயரம்மா ஒவ்வொரு கதவாகத் தட்டினாள்.

மேலாளர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். அவள் சொல்வதை நம்புவதாகச் சொன்னார். நம்புகிறவரின் முகமாக அது இல்லை. போர்ட்டில் கோளாறு என்றால் பழி கம்பெனியோடு நிற்காது, நம் டிபார்ட்மென்ட் வரை வரும் என்று கணக்குப் போடும் முகம். விசாரணை முடியும்வரை அந்த மாடியில் எதையும் யாரும் தொடக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு என்றார்.

"ஏற்கெனவே கை வெச்சுட்டீங்கம்மா. அது அங்க எழுதியிருக்கு. யாரு பேருன்னும் எழுதியிருக்கு. இன்னொரு தடவ அந்தப் பக்கம் போனா உங்களுக்காக நான் பேச முடியாது."

தலைமை நர்ஸிடம் கோளாறைச் சொன்னாள். ஏழாம் அறையில் மட்டுமாவது மானிட்டர் சத்தத்தைக் கூட்டிக் கதவைத் திறந்து வையுங்கள், இல்லை மதியம் யாரையாவது உள்ளே உட்கார வையுங்கள் என்றாள். தலைமை நர்ஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கெட்டவர் இல்லை. தையல்காரரின் தம்பி வந்து அண்ணனின் மூக்குக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனபோது கூட நின்று அழுதவர் அவர்தான்.

"உன் நாத்தனாருக்கு நீ ஒத்தாசை பண்றது தப்பில்ல. நானா இருந்தாலும் பண்ணுவேன். ஆனா நான் இன்னைக்குக் கதவத் திறந்து வெச்சா, அன்னைக்கு மெஷின் கெட்டிருந்துச்சுன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. எதையும் மாத்தக் கூடாதுன்னு உத்தரவு. உக்கார வைக்க ஆளும் இல்ல. இருந்த ஒருத்தியத்தான் வீட்டுக்கு அனுப்பியாச்சே."

ஸ்டேஷன் கணினியைத் தொடவும் அவர் விடவில்லை. சர்வர்காரர்களைக் கேட்டபோது, பதிவை நிறுத்த எழுத்தில் அனுமதி வேண்டும் என்றார்கள்.

கடைசியாக பிங்கிடம் போனாள். அவரைக் கேட்டது ஒன்றே ஒன்று. மதியம் என்னோடு வந்து நின்று பாருங்கள். நான் பார்த்தேன் என்றால் நாத்தனாருக்காகச் சொல்கிறாள் என்பார்கள். நீங்கள் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல முடியாது.

பிங் வெகுநேரம் டம்ளரைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"நேத்து நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்துட்டேன் தாயே. இன்னைக்கு நல்லா இல்லன்னா, நேத்து என்னத்தப் பாத்தேன்னு கேப்பாங்க."

"என்ன பாத்தீங்க அண்ணே?"

"நாலு பிங்."

சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை.

மதியச் சாப்பாட்டு வண்டிகள் திரும்பிப் போகும் நேரத்தில் வயரம்மா மூன்றாம் மாடியில் இருந்தாள். ஏழாம் அறையின் கதவு சாத்தியிருந்தது. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. உள்ளே ஒரு லாரி டிரைவர், பெரிய உடம்பு, கட்டிலுக்கு வெளியே பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி காலணியைக் கழற்றிவிட்டு, அவருடைய கைபேசியின் உடைந்த கண்ணாடியில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒட்டி முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நோயாளி தூங்கும் நேரம், உறவினர்கள் வெளியே போக வேண்டும். வயரம்மாவைத் தாண்டிப் போகும்போது, நிம்மதியா தூங்குறார் என்று தானாகவே சொன்னாள்.

வயரம்மா சுவிட்ச் இருக்கும் அறைக்குள் போய் நின்று லேப்டாப்பைச் செருகினாள். கதவு சாத்தவில்லை. போர்ட்டைக் கேட்டாள். பூஜ்யம். இன்னொரு முறை கேட்டாள். பூஜ்யம். கைபேசியை எடுத்துப் படம் எடுத்தாள். இந்த முறை மறக்கவில்லை.

பிறகு ஏறத் தொடங்கியது.

முதலில் ஒன்றிரண்டு. அப்புறம் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரு தாவல். அவள் ஒவ்வொரு எண்ணையும் படம் எடுத்தாள். நான் சொன்னது சரி என்று உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது. அந்தச் சூடு இரண்டு மூச்சுக்கூட நிற்கவில்லை. விழுகிறவை என்ன என்று அந்த எண் சொல்லாது. ஆறாம் அறையின் துடிப்பாக இருக்கலாம், எட்டாம் அறையின் ரத்த அழுத்தமாக இருக்கலாம், இருக்கிறாயா என்று கணினிகள் கேட்டுக்கொள்ளும் வெறும் விசாரிப்பாக இருக்கலாம். ஏழாம் அறையிலிருந்து வந்த ஒன்றாகவும் இருக்கலாம். கீழே விழுந்ததைக் குனிந்து எடுத்துப் பார்க்க முடியாது.

இதை இப்படியே விட்டால் நாளை மதியம் டாக்டர் இங்கே நிற்பார். இதே எண் அவர் கண்முன் ஏறும். நாத்தனார் வேலைக்குத் திரும்புவாள்.

சரிசெய்ய ஒரே வரி போதும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம் என்று சுவிட்சுக்கும் சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லிவிட்டால் நாளைக்குக் காட்ட எதுவும் இருக்காது. சுவிட்சின் குறிப்பேட்டில் அவள் பெயருக்குக் கீழே மறுபடியும் அவள் பெயர் ஏறும்.

ஏழுல இப்ப யாரு என்று நாத்தனார் கேட்டதற்கு இப்போது பதில் தெரியும்.

இந்த முறை கை முந்திக்கொள்ளவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். போர்ட்டின் விளக்கு ஒருமுறை அணைந்து மறுபடி எரிந்தது. எண் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அதையும் ஒரு படம் எடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஸ்டேஷனில் அலாரம் அலறியது. வயரம்மா லேப்டாப்பைக் கீழே போடாத குறையாக வெளியே ஓடினாள். ஸ்டேஷனில் இருந்த நர்ஸ் எழுந்து ஏழாம் அறைக்குள் போய்விட்டு உடனே வெளியே வந்தாள். தூக்கத்தில் புரண்டு படுத்திருக்கிறார், நெஞ்சில் ஒட்டிய ஒயர் கழன்றுவிட்டது. வேறொன்றுமில்லை. நர்ஸ் பட்டனை அழுத்தினாள். அலாரம் திரையை விட்டுப் போனது. அப்படி ஒன்று வந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை.

விசாரணை காலையில் நடந்தது. பெரிய மேஜை, எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில். விசாரணை டாக்டர் பொறுமையான மனிதர். வயரம்மா சொன்னதை முழுவதும் கேட்டார், படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார், புரியாததைத் திரும்பக் கேட்டார். கம்பெனி ஆள், எங்கள் கணினி சரியாகத்தான் இருந்தது, சுவிட்ச்தான் சரியில்லை என்றார். மேலாளர், சுவிட்ச் எப்போதும் இருந்தபடியேதான் இருக்கிறது என்றார். பிங் தன் அறிக்கையைப் படித்தார். படிக்கும்போது ஒருமுறைகூட நிமிரவில்லை.

டாக்டர் கேட்ட கேள்விகள் நேராக இருந்தன. இறந்த மறுநாள் எண்ணைத் துடைத்தது யார்? நான்தான். அதற்கு அடுத்த நாள் போர்ட்டை மாற்றியது? நான்தான். நடுவில் அதை நீங்களே கெடுத்து, ஏறவிட்டு, படம் எடுத்திருக்க முடியுமா, முடியாதா? அப்படிச் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை.

வயரம்மா யோசித்தாள். செய்தால் அதற்கும் ஒரு வரி ஏறியிருக்கும் என்று சொல்லலாம். அந்த வரியை அழிக்கும் அனுமதியும் அவளுக்கு இருக்கிறது என்று மேலாளர் சொல்லிவிடுவார். அது உண்மையும்கூட.

"முடியும்" என்றாள்.

"நீங்க துடைச்ச எண் இருந்திருந்தா, அது அந்த மதியம்தான் விழுந்ததுன்னு தெரிஞ்சிருக்குமா?"

மேஜைக்கு அந்தப் பக்கம் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். சீருடையைத் துவைத்து இஸ்திரி போட்டு உடுத்தி வந்திருந்தாள். அண்ணியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சிருக்காது. அதுக்குத் தேதி கிடையாது."

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். நிறைய நேரம் ஆகவில்லை. அன்று கோளாறு இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்றார்கள், நாத்தனாரின் வேலை போனது.

இருவரும் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினார்கள். கதவைத் திறந்ததும் நாத்தனார் காலணியைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். மடியில் கிடந்த சீருடைத் தொப்பியின் ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"அந்த லாரிக்காரர் எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவாங்களாம்."

நாத்தனார் தலையாட்டினாள். கடைசி ஊசியைப் பிடுங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

"நீங்க பாத்த நம்பர் அண்ணி. அது அன்னைக்கு விழுந்ததுதானே?"

வயரம்மா அந்த எண்ணை மறுபடி நினைத்துப் பார்த்தாள். எத்தனையோ முறை நினைத்துவிட்டாள். நினைக்க நினைக்க அது மங்கிக்கொண்டே வந்தது. பெரியது என்பது மட்டும் மிச்சம் இருந்தது. கணினி வந்து ஒரு மாதம் ஆகிறது. எத்தனையோ மதியங்களின் குவியல் அது. அந்த ஒரு மதியத்தில் எத்தனை விழுந்தன, தையல்காரரின் அலாரம் அதில் ஒன்றா, வந்து சேர்ந்து அலறியதா, யாரும் அமர்த்தினார்களா, எதுவும் அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

"அன்னைக்கு விழுந்ததுதான்" என்றாள்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

நாத்தனார் அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காலணியைக் கழற்றிவிட்டு, சீருடையோடு அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இத்தனை நாளில் முதல் தடவையாகத் தூங்கிப்போனாள். வெளியே மதிய வெயில். வயரம்மா தன் கைபேசியின் சத்தத்தை அணைத்தாள். கதவைச் சாத்தினாள்.